லிங்கன் வைத்த கடை

மத்திய இல்லினாயில் வாழும் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் முதல் வாரம் சிகாகோ, இரண்டாம் வாரம் ஸ்பிரிங்ஃபீல்டு. அங்கே லிங்கனின் வீடு, லிங்கனின் கல்லறை. பொழுது மிச்சமிருந்தால் இருபது மைல் தள்ளி நியூ சேலம். லிங்கன் 1831 முதல் ஆறு ஆண்டுகள் இளைஞராக வாழ்ந்த கிராமம். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள், கொல்லன் பட்டறை, மாவு ஆலை, அவர் கூட்டுச் சேர்ந்து நடத்திய கடை. போன கோடையில் இரண்டு குடும்பமாகப் போயிருந்தோம். அந்தக் கடையின் மேசைப்பலகை முன்னால் நின்றுகொண்டு நண்பர் தன் அப்பாவிடம் சொன்னார்:

"பாத்தீங்களாப்பா, இருபத்தஞ்சு குடும்பம் இருந்த ஊரு. அதுக்கு மூணு நாலு கடை! ஒருத்தனுக்கொருத்தன் போட்டி. கவர்மென்ட் குறுக்க வரல. அதனாலதான் இந்த நாடு இப்படி வளந்துச்சு."

அப்பா தலையாட்டினார். பெரியவர் முன்னால் வாதம் எதற்கு என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கான பரிகாரம்.

நண்பர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நம் வார இறுதி விருந்துகளில் பிரியாணிக்கும் பாயசத்துக்கும் நடுவே தவறாமல் பரிமாறப்படும் சங்கதிதான் அது. சிறு வணிகர்கள் தடையில்லாமல் போட்டியிட்டார்கள், நாடு செழித்தது. நாமும் அதே போட்டியில் சொந்தத் திறமையால் ஜெயித்தோம். ஆகவே அரசும் வரியும் வேண்டாத சுமை. எங்கள் பகுதி நூலகத்துக்காகச் சொத்துவரியைக் கொஞ்சம் உயர்த்தும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே கதைதான் எதிர்ப்பாக வந்தது. எழுதியவர்களின் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் அந்த நூலகத்தில்தான் இருக்கிறார்கள். வரலாற்றைத் தப்பாகப் படித்தால் அதன் செலவு இப்படி யாரோ ஒருவர் தலையில் விடியும். அதனால் அந்தக் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

லிங்கன் அந்த ஊருக்கு வந்தது டென்டன் ஆஃபட் என்பவரின் கடையில் சிப்பந்தியாக. ஓர் ஆண்டுக்குள் அந்தக் கடை படுத்துவிட்டது. பிறகு வில்லியம் பெரியும் லிங்கனும் ஹெர்ண்டன் சகோதரர்களின் கடையை வாங்கினார்கள். ரூபன் ராட்ஃபோர்டு என்றொரு போட்டிக் கடைக்காரர் இருந்தார். பக்கத்துக் கிராமத்து முரட்டு இளைஞர்கள் ஒருநாள் இரவு அவர் கடையைச் சூறையாடினார்கள். மனம் வெறுத்து அவர் விற்க முன்வர, 1833இல் அந்தச் சரக்கும் லிங்கன், பெரி கைக்கு வந்தது. இவை எல்லாமே பெரும்பாலும் கடன் பத்திரத்தில் நடந்த வியாபாரம். ரொக்கம் என்பது அந்த ஊரில் காணக் கிடைக்காத பொருள்.

போட்டியில் நிலைத்தவர் சாமுவேல் ஹில். லிங்கனின் கடை சத்தமில்லாமல் அணைந்துபோனது. 1835இல் பெரி இறந்தார். கூட்டாளியின் பங்கையும் சேர்த்து லிங்கன் தலையில் விழுந்த கடன் சுமார் 1,100 டாலர். அதை அவர் 'தேசியக் கடன்' என்று வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கடன் கொடுத்த ஒருவர் நீதிமன்றம் போய், லிங்கனின் குதிரை, சேணம், நில அளவைக் கருவிகள் எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் ஷார்ட் என்ற அண்டைவீட்டு விவசாயி அவற்றை ஏலத்தில் எடுத்து லிங்கனிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த அளவைக் கருவிகள் எதற்கு? கடை நொடித்த பிறகு லிங்கனுக்குச் சோறு போட்டது நில அளவையாளரின் உதவியாளர் வேலை. அதோடு 1833 மே மாதம் கிடைத்த தபால் அதிகாரி பதவி. இரண்டும் அரசு உத்தியோகம். அதுவரை தபாலும் சாமுவேல் ஹில்லின் கடையில்தான் இருந்தது. குடிக்க வந்த ஆண்களைக் கவனித்துவிட்டு, கடிதம் வாங்க வந்த பெண்களை அவர் காக்க வைத்தார் என்றும், அந்தப் புகாரினால்தான் பதவி கைமாறியது என்றும் ஊர்க்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

ஊர் என்ன ஆயிற்று? 1839இல் பக்கத்து ஊரான பீட்டர்ஸ்பர்க் மாவட்டத் தலைநகரானது. ஓரிரு ஆண்டில் நியூ சேலம் காலியானது. போட்டியால் வளர்ந்ததாக நண்பர் காட்டிய ஊர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இன்று நாம் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் மறுபடி கட்டப்பட்டவை. கட்டியதில் பெரும்பங்கு ரூஸ்வெல்ட் அரசு வேலையற்ற இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் அமைப்புக்கு உரியது. அரசு குறுக்கே வராத பொற்காலத்துக்கு நண்பர் காட்டிய சாட்சி அரசு கட்டிக்கொடுத்த செட்டு.

ஒரு கடை நொடித்ததை வைத்து ஒரு நூற்றாண்டை அளக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயம். அந்த நூற்றாண்டின் கிராமத்து வணிகர்கள் எதற்காகப் போட்டியிட்டார்கள் என்று பார்ப்போம்.

விலையில் போட்டியிட்டிருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். விலை எழுதி ஒட்டியிருந்தால்தானே விலையில் போட்டி? பல கிராமத்துக் கடைகளில் பொருளின் மேல் இருந்தது சங்கேதக் குறி. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கடைக்காரர் மனத்தில் வைத்துக்கொள்வார். முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு என்று போய், கடைசி எழுத்து பூஜ்யம். அடக்க விலையை அந்த எழுத்துகளில் எழுதி ஒட்டுவார். அவருக்கும் சிப்பந்திக்கும் மட்டும் அது புரியும். விற்கும் விலை, வருபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. ரொக்கம் கொடுப்பவருக்கு ஒன்று, கணக்கில் எழுதச் சொல்பவருக்கு வேறொன்று.

கணக்கில் எழுதச் சொல்பவர்தான் அதிகம். விவசாயிக்கு வருமானம் அறுவடைக்கு அறுவடைதான். இடையில் உப்பு, சர்க்கரை, காப்பிக்கொட்டை, துணி, ஆணி எல்லாம் பற்று. முட்டை, வெண்ணெய், தோல், தேன்மெழுகு கொண்டுவந்தால் வரவு. வணிகர் போட்டியிட்டது இந்தப் பேரேட்டில் பெயரை ஏற்றுவதற்குத்தான். ஆரம்ப காலத்தில் நல்ல வாடிக்கையாளருக்கு ஒரு மிடறு விஸ்கி உண்டு. கணக்கு முடிக்கும் நாளில் பிள்ளைகளுக்கு மிட்டாய். நம் ஊர்க் கொசுறுதான். பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் போட்டி அங்கே முடிந்தது. பாக்கி வைத்திருப்பவர் எந்த முகத்தோடு எதிர்க்கடைப் படி ஏறுவார்?

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாதக் கடைசியில் பற்று நோட்டோடு அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவார். ரொக்கக்காரர்கள் எல்லோரும் வாங்கிப் போகும்வரை நான் ஓரமாக நிற்பேன். கடைக்காரர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்குச் சம்பளம் தாமதமான மாதத்திலும் அரிசி கொடுத்தவர். ஆனாலும் நான் நின்றது நின்றதுதான்.

கிராமத்து வணிகரும் அரக்கர் அல்ல. அவரே ஒரு கடன் சங்கிலியின் நடுக்கண்ணி. செயின்ட் லூயிசிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ மொத்த வணிகரிடம் ஆறு மாதம், ஓராண்டுத் தவணையில் சரக்கு எடுத்து வந்தவர். அவர் திருப்பித் தருவாரா என்று தூரத்து மொத்த வணிகருக்கு எப்படித் தெரியும்? 1837இன் பொருளாதார வீழ்ச்சியில் அடிபட்ட நியூயார்க் பட்டு வணிகர் லூயிஸ் டப்பான் அதற்கு 1841இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர் ஊராக வக்கீல்களையும் மற்றவர்களையும் அமர்த்தி, கடைக்காரரின் சொத்து எவ்வளவு, குடிப்பாரா, மனைவி வீட்டார் வசதியா என்று எழுதி வாங்கினார். பின்னாளில் ஆர். ஜி. டன் என்ற பெயரில் வளர்ந்த அந்த நிறுவனத்தின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேரேடுகள் ஹார்வர்டில் இருக்கின்றன. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம், கையில் வேலையும் சம்பளமும் இருந்தும், 'கிரெடிட் ஹிஸ்டரி' இல்லை என்று கைப்பேசி இணைப்புக்கே முன்பணம் கட்டியவர்கள் நம்மில் பலர். அந்தப் பேரேடுகளின் பேரப்பிள்ளைதான் நம்மை மறித்தது.

போட்டி தரத்தையாவது உயர்த்தியதா? வெண்ணெயைக் கேளுங்கள். பண்ணை வீட்டுப் பெண் கொண்டுவரும் வெண்ணெய் மட்டமாக இருந்தாலும் கடைக்காரர் வாய் திறக்க மாட்டார். சொன்னால் அந்தக் குடும்பமே எதிர்க்கடைக்குப் போய்விடும். நல்ல வெண்ணெய்க்கும் கெட்ட வெண்ணெய்க்கும் ஒரே விலை போட்டு, எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் தள்ளுவார். சுத்தமாகக் கடைந்த பெண்ணுக்கு நஷ்டம். போட்டி அங்கே தரத்தைக் கெடுத்தது.

தெற்கே நிலைமை இன்னும் கொடியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் பருத்திக் குத்தகையில் இறங்கினார்கள். விதைக்கும் உணவுக்கும் கடைக்காரர் கடன் கொடுத்தார். ஈடு, இன்னும் முளைக்காத பயிர். பயிர் ஒருவருக்கு ஈடாகிவிட்டால் வேறு யாரும் கடன் தர மாட்டார்கள். அந்த ஆண்டு முழுக்க ஒரே கடை. ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் இருந்த வித்தியாசத்தை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 50 விழுக்காட்டைத் தாண்டும் என்று ரோஜர் ரான்சமும் ரிச்சர்டு சட்சும் 1977இல் வெளிவந்த நூலில் காட்டினார்கள். ஊருக்கு ஊர் கடை இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருந்தது ஒரே கடைதான்.

இந்தப் பிடி எப்படித் தளர்ந்தது? பக்கத்திலேயே இன்னொரு கடை வந்ததால் அல்ல. விவசாயிகள் சங்கம் சேர்ந்தார்கள். 1867இல் தொடங்கிய கிரேஞ்ச் இயக்கத்தில் 1875 வாக்கில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கூட்டாகக் கொள்முதல் செய்வது, இடைத்தரகரைத் தவிர்ப்பது அவர்கள் திட்டம். கிராமத்துக் கடைகளில் வேலை பார்த்தும், ஊர் ஊராகச் சரக்கு விற்றும் பழகிய ஆரன் மாண்ட்கோமரி வார்டு இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். 1872இல் சிகாகோவிலிருந்து 163 பொருள்களின் விலை அச்சிட்ட ஒற்றைத் தாளைக் கிரேஞ்ச் உறுப்பினர்களுக்கு அனுப்பினார். விலை அச்சில் வந்ததுதான் அதில் புரட்சி. மறு ஆண்டே சிகாகோ டிரிப்யூன் அவரை மோசடிப் பேர்வழி என்று எழுதியது. இவ்வளவு மலிவாக யாரால் விற்க முடியும் என்பது சந்தேகம். பிறகு அந்தப் பத்திரிகையே தவறை ஒப்புக்கொண்டது. 1875இல், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றார் வார்டு. 1886இல் மினசோட்டாவின் ஒரு ரயில் நிலைய அலுவலர், உள்ளூர் நகைக்கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிய கடிகாரப் பெட்டியைத் தானே எடுத்து விற்றார். அவர் பெயர் ரிச்சர்டு சியர்ஸ்.

"இதுவும் போட்டிதானே?" என்பார் நண்பர். ஆம். அச்சிட்ட விலையும் பணம் வாபஸும் போட்டி தந்த நன்மைகளே. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்த விலைப்பட்டியல் எதன் மேல் ஏறி விவசாயி வீட்டுக்கு வந்தது? அரசுத் தபாலில். அப்போது கிராமத்துத் தபால் நிலையம் பெரும்பாலும் கடைக்காரரின் மேசையில்தான் இருந்தது. ஆளுங்கட்சி தயவில் கிடைக்கும் பதவி அது. யார் எந்தப் பட்டியல் வரவழைக்கிறார், எங்கே பணம் அனுப்புகிறார் என்று பாக்கிக்காரரின் ஒவ்வோர் அசைவும் கடைக்காரருக்குத் தெரியும். சாமுவேல் ஹில் கடையில் காத்திருந்த பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் வீட்டுக்கே கடிதம் கொண்டுவரும் கிராமப்புறத் தபால் விநியோகம் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1902இல் அது நிரந்தரமானது. பாக்கி வைத்த குடும்பம் கடைக்காரர் கண்ணில் படாமல் ஒரு கடிதம் அனுப்ப முடிந்தது அதற்குப் பிறகுதான். தெற்கில் கறுப்பின மக்கள் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடியும்வரை நிற்காமல், கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல், பட்டியலில் பார்த்த பொருளை அதே விலைக்கு வாங்க முடிந்ததும் இதனால்தான்.

சுதந்திரப் போட்டியின் நாயகர்களாக நாம் கொண்டாடும் சிறு நகர வணிகர்கள் அப்போது என்ன செய்தார்கள்? அரசை உதவிக்கு அழைத்தார்கள். தலைச்சுமை வியாபாரிக்கு லைசென்ஸ் கட்டணம் போடு என்றார்கள். நான்கு பவுண்டுக்கு மேற்பட்ட பொட்டலத்தைத் தபால் துறை ஏற்காதிருந்த காலம் அது. தனியார் எக்ஸ்பிரஸ் நிறுவனங்கள் வைத்ததே கட்டணம். பார்சல் தபால் வேண்டும் என்று விவசாயிகள் கேட்க, வேண்டவே வேண்டாம் என்று கடைக்காரர் சங்கங்கள் வாஷிங்டனில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. சில ஊர்களில் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களைக் கொண்டுவருவோருக்குப் பரிசு கொடுத்து, குவித்துக் கொளுத்தினார்கள். பார்சல் தபால் 1913 ஜனவரி முதல் நாள்தான் தொடங்கியது. அரசே வேண்டாம் என்று சொன்ன வணிகர் அங்கே இல்லை. யாருக்கான அரசு என்பதில்தான் சண்டை.

இந்த இடத்தில் நம்மில் இன்னொரு சாரார் மகிழ்ந்துவிட வேண்டாம். இணையப் பெருங்கடைகள் வந்து அன்பான சிறு கடைகளை அழித்துவிட்டன என்று கண்ணீர் விடுபவர்களைச் சொல்கிறேன். அந்த அன்பில் சங்கேத விலை இருந்தது. ஓரமாக நிற்க வைத்தல் இருந்தது. பழைய கடையின் சாய்வு நாற்காலியும் அடுப்பும் அழகுதான். அந்த நாற்காலியில் யார் உட்கார அனுமதிக்கப்பட்டார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு அழுவது நல்லது.

என் தொழிலையும் விட்டுவைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சில்லறை வணிக நிறுவனத்துக்கான திட்டத்தில் இருந்தேன். எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி காட்டுவது என்று தீர்மானிக்கும் மென்பொருள். அவர் என்ன வாங்கினார், எந்தப் பகுதியில் வசிக்கிறார், எவ்வளவு நேரம் தயங்கினார் என்பதை வைத்து, அவர் எவ்வளவு விலை தாங்குவார் என்று ஓர் எண் வரும். அந்த எண் எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்போது அதைப் பெரிய சாதனை என்று நினைத்தேன். பத்தெழுத்துச் சொல்லைப் பற்றிப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அச்சிட்ட விலைக்காக ஒரு தலைமுறை விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். அந்த விலையை நான் மறுபடி சங்கேதத்தில் எழுதிக் கொடுத்து, அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

நண்பரின் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். நாங்கள் இருவரும் அரசுப் பொறியியல் கல்லூரியில், ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கும் குறைவான கட்டணத்தில் படித்தோம். நான் மேற்படிப்பு படித்த அமெரிக்கப் பல்கலைக்கழகம், உள்நாட்டுப் போருக்கு நடுவே 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி அரசு நிலம் கொடுத்து உருவானவற்றில் ஒன்று. கடை வைத்துத் தோற்றவர் போட்ட கையெழுத்து அது. போட்டியில் தன்னந்தனியாக ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

நூலக வரி யோசனை அந்த ஆண்டு தோற்றது. மறுபடி வருமென்று சொல்கிறார்கள். நண்பரின் அப்பாவும் அடுத்த கோடையில் மறுபடி வருகிறார், நியூ சேலத்துக்கும் போவோம். இந்த முறை கடைக்குள் நுழைந்ததும் நான் முந்திக்கொள்வேன். "அப்பா, இந்தக் கடையில இவருக்கு ஆயிரத்து நூறு டாலர் கடன். அப்புறம் இவரைக் காப்பாத்துனது உங்களுக்கு இருந்த மாதிரி ஒரு கவர்மென்ட் உத்தியோகம்தான்" என்று சொல்வேன். அதற்கும் அவர் தலையாட்டுவார். நண்பர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.